மூன்றாவது கூவல்

கதை டீச்சரிடம் ஒரு தந்திரம் உண்டு. வேண்டுமென்றே தப்பாக எண்ணுவாள். மரக்கட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்து, "ஒண்ணு, ரெண்டு, நாலு" என்பாள். உடனே பதினான்கு வாண்டுகளும் கூரையைப் பிய்த்துக்கொண்டு போகிற மாதிரிக் கத்தும்: "தப்பு டீச்சர்! மூணு! மூணு!" டீச்சர் நாக்கைக் கடித்துக்கொண்டு, "அட, ஆமால்ல!" என்று அசடு வழிவாள். நாலு வயதுப் பிள்ளைகளுக்குப் பெரியவர்களைத் திருத்துவதைப்போல ஆனந்தம் உலகத்தில் வேறு கிடையாது. அந்த ஆனந்தத்துக்காகவே எண்களைக் கற்றுக்கொண்டுவிடும்.

பதினான்கில் மிகச் சின்னது சுண்டெலி. அந்தப் பெயரை வைத்தது ஆயாம்மா. பள்ளியில் சேர்ந்து மூன்று மாதமாகியும் பிள்ளை வாயைத் திறந்து ஒரு பேச்சுப் பேசியதில்லை. தண்ணீர் வேண்டுமென்றால்கூட பாட்டிலைத்தான் நீட்டும். ஆனால் டீச்சர் தப்பாக எண்ணினால் மட்டும் அதற்குப் பொறுக்காது. எல்லோரும் கத்தி ஓய்ந்த பிறகு, கீச்சென்று கணக்கைச் சரியாகச் சொல்லும். அதற்கு இளைப்புத் தொந்தரவு வேறு. சேர்க்க வந்த அன்று அதன் அம்மா ஒரு நீல இன்ஹேலரை எடுத்துக் காட்டி, எப்படி அமுக்குவது, எத்தனை தடவை அமுக்குவது என்று டீச்சருக்கும் ஆயாம்மாவுக்கும் பாடம் நடத்திவிட்டு, பையின் பக்கத்து ஜிப்பில் வைத்தாள். "தூசி ஆகாது, புகை ஆகவே ஆகாது" என்று போகும்போது வாசலில் நின்று இன்னொரு தடவையும் சொன்னாள்.

பள்ளி என்றால் பெரிதாக ஒன்றும் நினைத்துக்கொள்ள வேண்டாம். ஒரு மாடி வீட்டின் கீழ்த்தளம். முன்னால் ஒரு கூடம், பின்னால் இரண்டு அறை, ஒரு சமையலறை. கூடத்தின் ஓரத்தில் ஆண்டு விழாவுக்கென்று செய்த ஒரு மரமேடை. நாலு பக்கமும் பலகை அடித்து மூடிய அந்த மேடைமேல் ஏறி நின்றுதான் டீச்சர் கதை சொல்வாள். மாடியில் ஆபீஸ். அங்கே மேடம் இருப்பார். மேடத்துக்குக் கதை என்றாலே வேப்பங்காய். "பொழுதை ஓட்டாதீங்க டீச்சர். பென்சில் பிடிக்க வையுங்க. பேரண்ட்ஸ் நோட்டைத்தான் பாக்குறாங்க, உங்க பூதத்தையா பாக்குறாங்க?" என்று வாரத்துக்கு ஒரு முறையாவது சொல்லிவிடுவார். டீச்சருக்கு ரோஷம் வந்துவிட்டது. ஒரே ஒரு பூதக்கதையை வைத்து ஐந்து நாளைக்குப் பாடம் நடத்திக் காட்டுகிறேன் பார் என்று வரிந்துகட்டிக்கொண்டு இறங்கினாள்.

கதையும் அவளே கட்டியதுதான். சூரியனை விழுங்க ஒரு பூதம் வருகிறது. சூரியன் பயந்துபோய் ஒளிந்துகொள்கிறது. எறும்பு தவளையை எழுப்ப, தவளை அணிலை எழுப்ப, அணில் ஆந்தையை எழுப்ப, ஆந்தை சேவலை எழுப்ப, சேவல் மூன்று முறை கூவ, சூரியன் வெளியே வர, பூதம் பனிக்கட்டிபோல உருகிவிடுகிறது. திங்களன்று எறும்பின் காலையும் தவளையின் காலையும் எண்ணினார்கள். செவ்வாயன்று வாசனைப் பாடம். மூடி போட்ட சின்னச் சின்ன டப்பாக்களில் எலுமிச்சைத் தோல், சோப்பு, காப்பித்தூள். நாலாவது டப்பாவில் மண்ணெண்ணெய் நனைத்த பஞ்சு. "இதுதான் பூதத்தோட மூச்சு. பூதம் வர்றதுக்கு முன்னாடி இந்த நாத்தம் வரும்" என்றாள். பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொண்டு உருண்டார்கள். புதன்கிழமை வண்ணம் தீட்டினார்கள்.

வியாழக்கிழமை ஒரு தப்பு நடந்தது. பூதம் இனிப்பாகப் பேசிக் கூப்பிடும், பதில் சொல்லக் கூடாது, ஒளிந்த இடத்தைவிட்டு வரக் கூடாது என்று டீச்சர் சொல்லிக்கொண்டிருந்தாள். முந்தின மாதம் யாரோ ஒருவன் மிட்டாயைக் காட்டித் தெருவில் ஒரு பிள்ளையைக் கூப்பிட்டான் என்று பேச்சு அடிபட்டது. அந்தப் புத்தியையும் கதையோடு கலந்து ஊட்டிவிடலாம் என்று அவளுக்கு எண்ணம். வகுப்பில் எதற்கும் முதலில் வாயைத் திறக்கிற வாயாடி எழுந்து நின்றாள்.

"போலீஸ் மாமா குரல்ல கூப்பிட்டா?"

"நம்பக் கூடாது. பூதத்துக்கு எல்லார் குரலும் வரும்."

"டீச்சர் குரல்ல கூப்பிட்டா?"

"டீச்சர் குரல்லயும் கூப்பிடும். ஏமாந்துடாதீங்க."

"அம்மா குரல்ல?"

கூடம் அப்படியே அடங்கிப்போயிற்று. எப்போதும் மூக்கு ஒழுகுகிற ஒரு பையன்கூட மூக்கை உறிஞ்சவில்லை. அந்த இடத்தில் அவள் நிறுத்தியிருக்க வேண்டும். ஆனால் கதை சொல்கிறவர்களுக்குக் கேட்கிறவர்களின் கண் விரிவதைப் பார்த்தால் தலைகால் புரியாது. டீச்சர் குனிந்து, குரலைத் தாழ்த்தி, "அம்மா குரல்லயும் கூப்பிடும். அச்சு அசல் அம்மா மாதிரியே கூப்பிடும். அழுதுகூடக் கூப்பிடும். போகவே கூடாது" என்றாள்.

"அப்ப யாரைத்தான் நம்புறது?" என்றாள் வாயாடி, இடுப்பில் கை வைத்துக்கொண்டு.

"சின்னப் பிள்ளைங்களை. பூதத்தோட தொண்டை அண்டா மாதிரி பெரிசு. அதுக்குச் சின்னப் பிள்ளைங்க குரல் மட்டும் வராது."

நன்றாகச் சொல்லிவிட்டோம் என்று அன்றைக்கு வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் அவளுக்குத் தரையில் கால் பாவவில்லை.

வெள்ளிக்கிழமை, பதினொன்றரை மணி. நாடகம். ஆறு பேருக்குக் கழுத்தில் மாட்ட ஆறு அட்டை. வாயாடிக்குச் சேவல் அட்டை. அவளைவிட்டால் வேறு யார் கூவுவது? சூரியன் அட்டை சுண்டெலிக்கு. சூரியனுக்குப் பேச்சே கிடையாது, கடைசியில் வெளியே வந்து நின்றால் போதும் என்பதால் டீச்சர் அதைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தாள். மீதி எட்டுப் பேரும் மரங்கள். மரங்களின் வேலை ஆடாமல் நிற்பது. எட்டு மரமும் அரை நிமிடத்துக்கு மேல் ஆடாமல் நின்றதில்லை.

"எல்லாரும் ஒளிஞ்சுக்குங்க. முன்னாடி இருக்கிறவங்க எழுப்பினாத்தான் வெளிய வரணும்" என்று சொல்லிவிட்டு, டீச்சர் கண்ணை மூடிக்கொண்டாள். எறும்பு வந்தது. தவளை வந்தது. அணில் வந்து ஆந்தையை எழுப்பியது. ஆந்தை வாயைக் குவிக்கிற நேரம் பார்த்து, மாடிப்படியிலிருந்து மேடத்தின் குரல் கேட்டது: "டீச்சர், உடனே மேல வாங்க!" அதே நேரம் வாசலில் வாயாடியின் அப்பா வந்து நின்றார். ஊருக்குப் போக பஸ் காத்திருக்கிறதாம். ஆயாம்மா கதவுக்குப் பின்னாலிருந்த சேவலைக் கையோடு பிடித்து இழுத்து, செருப்பை மாட்டி அனுப்பிவைத்தாள்.

மாடியில் மேடம் போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். யாரோ ஒரு மரத்தின் அம்மா புகார் சொல்லியிருக்கிறாள். நேற்றிலிருந்து பையன் கூப்பிட்டால் வருவதே இல்லையாம். கட்டிலுக்கடியில் போய்ப் படுத்துக்கொண்டு, "நீ பூதம், போ" என்கிறானாம். மேடம் அரை மணி நேரம் விட்டு விளாசினார். டீச்சர் தலையைக் குனிந்துகொண்டுதான் நின்றாள்; ஆனால் மனசுக்குள் அவளுக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. இதைச் சொல்லத்தான் வேண்டும்.

அவள் இறங்கி வந்தபோது கூடம் காலி. பன்னிரண்டு மணிக்கு ஆயாம்மா மணியடித்து, பிள்ளைகளை அவரவர் ஆட்களிடம் ஒப்படைத்திருந்தாள். சுண்டெலியைக் காணோமே என்று அவள் பதறவில்லை. வாயாடியும் அதுவும் ஒரே தெரு, காலையில் வாயாடியின் அப்பாதான் இரண்டையும் வண்டியில் ஏற்றி வருவார். தான் உள்ளே திரும்பிய பிறகு பின்னாலேயே ஓடிப்போய் ஏறியிருக்கும் என்று நினைத்துவிட்டாள். டீச்சர் மேஜையில் உட்கார்ந்து வார அறிக்கை எழுத ஆரம்பித்தாள். பன்னிரண்டரைக்கு மாதாமாதம் வருகிற மருந்துக்காரர் வந்தார். கரப்பான் பூச்சிக்குப் புகை அடிக்கிறவர். முகத்தில் இரண்டு வட்டக் கண்ணாடி வைத்த முகமூடி, தோளில் புர்ர்ரென்று உறுமுகிற இயந்திரம். டீச்சர் நோட்டை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போய்விட்டாள். அவர் பின்னறைகளை முடித்துவிட்டுக் கூடத்துக்கு வந்து, மூலை மூலையாகப் புகையை விட்டார். மண்ணெண்ணெய் வாடை தெருவரை அடித்தது.

பன்னிரண்டே முக்காலுக்குச் சுண்டெலியின் அம்மா வந்தாள். பல் ஆஸ்பத்திரியில் வேலை. சீருடையைக்கூட மாற்றாமல் ஓடி வந்திருந்தாள்.

"சாரி டீச்சர், லேட்டாயிடுச்சு. எங்க அவ?"

"அவ வாயாடியோட போயிட்டாளே?" என்றாள் ஆயாம்மா.

"வாயாடி ஊருக்குப் போறான்னு காலையிலேயே சொன்னாங்களே. அவங்களோட எப்படிப் போவா?"

டீச்சர் வாயாடியின் அப்பாவுக்குப் போன் போட்டாள். "இல்லையே டீச்சர். என் பொண்ணு மட்டும்தான் இருக்கா. ஏன், என்னாச்சு?" என்றார் அவர். பஸ் இரைச்சலில் மீதிப் பேச்சு கேட்கவில்லை. டீச்சர் திரும்பிப் பார்த்தாள். சுவரில் பதினான்கு கொக்கிகள். பதிமூன்று காலி. கடைசிக் கொக்கியில் ஒரு பூப்போட்ட பை தொங்கிக்கொண்டிருந்தது. கீழே, செருப்பு வைக்கிற தட்டில், உள்ளங்கை நீளத்தில் ஒரு ஜோடி செருப்பு.

டீச்சர் நோட்டைக் கீழே போட்டாள்.

"ஐயா! நிறுத்துங்க! மெஷினை நிறுத்துங்க!" என்று கத்திக்கொண்டே கூடத்துக்குள் ஓடினாள். மருந்துக்காரர் ஒன்றும் புரியாமல் இயந்திரத்தை அணைத்து, முகமூடியை நெற்றிக்கு ஏற்றினார். "உள்ள பிள்ளை இருக்கா? அய்யோ, யாரும் இல்லைன்னு சொன்னாங்களேம்மா!" அவர்தான் முதலில் ஓடி ஜன்னல்களைத் திறந்தார். அம்மா பையைக் கொக்கியிலிருந்து பிடுங்கி, ஜிப்பைத் திறந்தாள். இன்ஹேலர் பையில்தான் இருந்தது.

எல்லோரும் தேடினார்கள். மேடம் மாடியிலிருந்து செருப்பில்லாமல் இறங்கி வந்து பாத்ரூம் வாளியைக்கூடக் கவிழ்த்துப் பார்த்தார். பின்னறையில் சுருட்டி வைத்த படுக்கைகளை ஆயாம்மா அவிழ்த்து எறிந்தாள். பொம்மைப் பெட்டி, சமையலறை அலமாரி, கதவிடுக்கு, திரைச்சீலை, கழுவும் தொட்டியின் அடி. புகையில் கண் எரிந்தது. நல்ல ஆரோக்கியமான மருந்துக்காரரே இருமினார். ஐந்து நிமிடம் போயிற்று. இளைப்புள்ள ஒரு பிள்ளைக்கு ஐந்து நிமிடம் என்றால் என்னவென்று அந்த வீட்டில் நன்றாகத் தெரிந்தவள் அம்மா ஒருத்திதான்.

"தங்கம்! அம்மா வந்துட்டேன்டா! எங்கடா இருக்க?" அம்மா கூடத்தின் நடுவில் நின்று கூப்பிட்டாள். பதில் இல்லை. "செல்லம், வெளிய வாடா! அம்மா கூப்பிடுறேன்ல!" அவள் குரல் உடைந்தது. அழுதுகொண்டே கூப்பிட்டாள்.

டீச்சருக்கு அப்போதுதான் உறைத்தது. அழுதுகூடக் கூப்பிடும் என்று யார் சொன்னது? வாடை வந்தால் பூதம் வருகிறது என்று யார் சொன்னது? கூடம் முழுக்க அதே வாடை. முகத்தில் வட்டக் கண்ணாடியும் வாயில் புகையுமாக ஒருவர் உறுமிக்கொண்டே மூலை மூலையாக வேறு தேடியிருக்கிறார். இனிமேல் அந்தப் பிள்ளை எப்படி வெளியே வரும்? யார் கூப்பிட்டாலும் வராது. அம்மா கூப்பிட்டால் நிச்சயமாக வராது.

அவள் போய் அம்மாவின் கையைப் பிடித்தாள். "நீங்க கூப்பிடாதீங்க."

"என்ன?"

"நீங்க கூப்பிட்டா அவ வர மாட்டா. நான்தான்... கதையில சொன்னேன். பூதம் அம்மா குரல்ல கூப்பிடும், போகக் கூடாதுன்னு."

அம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். சத்தம் போடுவாள் என்று டீச்சர் எதிர்பார்த்தாள். அம்மா சத்தமே இல்லாமல், பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள்: "நான் கூப்பிட்டா வரக் கூடாதுன்னு என் பிள்ளைக்கே சொல்லிக் குடுத்தீங்களா?"

டீச்சருக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம்போல இருந்தது. மேடத்தின் முகத்தில் ஈயாடவில்லை.

"யார் கூப்பிட்டா வருவா? அதைச் சொல்லுங்க," என்றாள் அம்மா.

"சேவல் கூவணும். மூணு தடவை. சின்னப் பிள்ளை குரல்ல."

வீட்டில் சின்னப் பிள்ளை ஒன்றுகூட இல்லை. எதிர் வீடு பூட்டிக் கிடந்தது. டீச்சர் மறுபடியும் வாயாடியின் அப்பாவுக்குப் போட்டாள். தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது போன். திரும்பப் போட்டாள். அதே பதில். பஸ் மலைப்பாதையில் ஏறியிருக்கும். அதற்குள் மேடம் ஆம்புலன்சுக்குச் சொல்லிவிட்டார். மூன்றாம் முறை மணி போயிற்று.

"சார், வாயாடிகிட்ட குடுங்க. சீக்கிரம். கேள்வி கேக்காதீங்க."

தூக்கத்திலிருந்து எழுப்பின சிணுங்கல் கேட்டது. டீச்சர் ஸ்பீக்கரைப் போட்டு, மேடைமேல் ஏறி, போனைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தாள். "கண்ணு, டீச்சர் பேசுறேன். சேவல் மாதிரி கூவு. மூணு தடவை. நல்லாச் சத்தமா."

"இப்பவா?"

"இப்பவே."

ஒரு கணம் பஸ் இரைச்சல். பிறகு வாயாடி நிதானமாகச் சொன்னாள்: "ஆந்தை இன்னும் என்னை எழுப்பலையே டீச்சர்."

மேடம் தலையில் கை வைத்துக்கொண்டார். இந்த வாரம் முழுக்க டீச்சர் அட்டைகளை வரிசையாக அடுக்கவைத்துப் பழக்கியிருக்கிறாள். ஒன்று தவறினால் அடுத்தது வரக் கூடாது என்று படித்துப் படித்துச் சொல்லியிருக்கிறாள். டீச்சர் வாயைத் திறப்பதற்குள் அம்மா மேடைமேல் ஏறிவிட்டாள். வாயைக் குவித்து, கண்ணீர் கன்னத்தில் வழிய, "ஊ... ஊ..." என்றாள்.

"நல்லாயில்ல. காத்து மாதிரி இருக்கு. இன்னொரு தடவை," என்றாள் வாயாடி.

அம்மா மறுபடியும் செய்தாள். பிள்ளைக்கு மூச்சு ஓடுகிறதா இல்லையா என்று தெரியாமல், யாரோ பெற்ற வாண்டுக்கு முன்னால் ஆந்தையாக நின்றாள். டீச்சரால் அவள் பக்கம் பார்க்க முடியவில்லை.

"ம், சரி," என்று வாயாடி தொண்டையைச் செருமினாள். "கொக்கரக்கோஓஓ!"

கூடம் அதிர்ந்தது.

"கொக்கரக்கோஓஓ!"

அப்புறம் ஒரு கரகரப்பு. அப்புறம் ஒன்றுமில்லை. டீச்சர் போனைப் பார்த்தாள். லைன் அறுந்துபோயிருந்தது. திரும்பப் போட்டாள். எல்லைக்கு வெளியே.

"ரெண்டு தடவை கூவியாச்சுல்ல? போதாதா?" என்றார் மருந்துக்காரர் மெதுவாக. அவருக்கு யார் பதில் சொல்வது? மூன்றென்றால் மூன்றுதான். அம்மா மேடைமேலேயே உட்கார்ந்துவிட்டாள். கையில் அந்த நீல இன்ஹேலர் மட்டும் இறுகிக்கொண்டே போயிற்று.

டீச்சருக்குக் கெஞ்ச வேண்டும்போல இருந்தது. பெயரைச் சொல்லிக் கதற வேண்டும்போல இருந்தது. கெஞ்சினாலும் கதறினாலும் அது பூதம்தான். கையை ஒரு முறை தட்டி, தினம் காலையில் கட்டைகளை அடுக்குகிற அதே அசட்டுக் குரலில் பேச ஆரம்பித்தாள்.

"சேவல் எத்தனை தடவை கூவிச்சு? எண்ணிப் பாக்கலாமா? ஒண்ணு... ரெண்டு... மூணு. மூணு தடவை கூவியாச்சு. கணக்கு சரியாப் போச்சு."

குழாயிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது கேட்டது.

"சரியா மூணு," என்றாள் மறுபடியும். "கணக்கு முடிஞ்சுது. நான் நோட்டை மூடப்போறேன்."

"தப்பு."

காற்றோடு கலந்த ஒரு கீச்சு. எங்கிருந்து வந்தது என்று முதலில் யாருக்கும் பிடிபடவில்லை. பிறகு விசில் அடிக்கிற மாதிரி ஒரு மூச்சு இழுபட்டது. "ரெண்டுதான்."

அவள் காலுக்கடியிலிருந்து வந்தது. மேடைக்கு அடியிலிருந்து. இத்தனை நேரமும் எல்லோரும் அதன் தலைக்கு மேலே நின்றுகொண்டு தொம் தொம் என்று நடந்திருக்கிறார்கள், கூப்பிட்டிருக்கிறார்கள், ஆந்தையாகக் கத்தியிருக்கிறார்கள்.

மருந்துக்காரர் பாய்ந்து வந்து முன்பலகையில் கை வைத்து ஆட்டினார். ஆணி இறுகியிருந்தது, பலகை தடதடத்தது. உள்ளே பிள்ளை பின்னால் நகர்கிற சத்தமும் அடக்கப்பார்த்த ஓர் இருமலும் கேட்டன. "பலகையை உடைங்க!" என்றாள் அம்மா. "வேணாம், ஒரு நிமிஷம்! ஒரே நிமிஷம்!" டீச்சர் குப்புறப் படுத்து, பலகை இடுக்கில் வாயை வைத்தாள். மண்ணெண்ணெய் வாடை இங்கேதான் அதிகமாகத் தேங்கியிருந்தது.

"அட, ஆமால்ல. ரெண்டுதான். நான் தப்பா எண்ணிட்டேன். அப்ப இன்னும் எத்தனை வேணும்?"

மூச்சு இழுத்தது. "ஒண்ணு."

"யார் கூவுறது? சேவல் ஊருக்குப் போயிடுச்சு. இங்க சின்னப் பிள்ளையே இல்லையே. எல்லாரும் பெரிய தொண்டை."

டீச்சர் எண்ணினாள். மனசுக்குள், இந்த முறை ஒன்றையும் தாண்டாமல், ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. ஏழு வரைக்கும் எண்ணிவிட்டாள். அம்மா அவள் பக்கத்தில் படுத்து, பலகையில் நெற்றியை வைத்துக்கொண்டு, வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

"நான் இருக்கேனே," என்றது சுண்டெலி.

பிறகு கூவியது. அதைக் கூவல் என்று சொல்லவே முடியாது, கிழிந்த பீப்பீயில் ஊதின மாதிரி, பாதியில் மூச்சு நின்று, திரும்ப வந்து, "கொ... கொக்... கோ" என்று முடிந்தது. மேடையின் பின்பக்கம், சுவரை ஒட்டி, ஆணி கழன்ற ஒரு பலகை ஆடியது. பிள்ளைகள் எல்லோருக்கும் தெரிந்த, பெரியவர் ஒருவருக்கும் தெரியாத பலகை. முதலில் மஞ்சள் அட்டை வெளியே வந்தது. அப்புறம் ஒரு கை.

அம்மா இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள். உதடு நீலம் பாரித்திருந்தது. விலா எலும்பு ஒவ்வொரு மூச்சுக்கும் உள்ளே போய் வந்தது. வராந்தாவுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். இன்ஹேலரை வாயில் வைத்து அமுக்கினாள். டீச்சர் எண்ணினாள். இன்னொரு முறை. எண்ணினாள். மூன்றாவது முறைக்குப் பிறகு விசில் சத்தம் கொஞ்சம் அடங்கியது. நாலாவதுக்குப் பிறகு பிள்ளை தலையை நிமிர்த்தி, அம்மாவின் முகத்தைத் தொட்டுப் பார்த்தது. மூக்கை, கன்னத்தை, காதை. தொட்டுச் சரிபார்த்த பிறகுதான் கழுத்தைக் கட்டிக்கொண்டது. ஆம்புலன்ஸ் சத்தம் தெருமுனையில் கேட்டது.

"நீ கூப்பிட்டப்ப எனக்கு வரணும்போல இருந்துச்சும்மா," என்றது. "நான் வாயைப் பொத்திக்கிட்டேன். இருமலைக்கூட விடல." மூன்று மாதத்தில் அது பேசிய மிக நீளமான பேச்சு அதுதான். பிறகு அம்மாவின் தோளுக்கு மேலாக டீச்சரைத் தேடியது. "நான் கெட்டிக்காரிதானே டீச்சர்?"

அம்மாவும் திரும்பி டீச்சரைப் பார்த்தாள்.

டீச்சர் முட்டி போட்டு உட்கார்ந்தாள். "நீ கெட்டிக்காரிதான். டீச்சர்தான் தப்பாச் சொல்லிட்டேன். பூதத்துக்கு அம்மா குரல் வராது. யாராலயும் அம்மா மாதிரி கூப்பிட முடியாது. அம்மா கூப்பிட்டா உடனே ஓடி வந்துடணும்."

சுண்டெலி யோசித்தது. அதன் முகத்தில் மெல்ல ஒரு வெளிச்சம் வந்தது. தினமும் காலையில், கட்டைகளை எண்ணும்போது வருமே, அந்த வெளிச்சம்.

"வேணும்னே தப்பாச் சொன்னீங்களா?"

தலையை ஆட்டியிருந்தால் போதும். எல்லாம் விளையாட்டாகிப் போயிருக்கும், பிள்ளை சிரித்திருக்கும். டீச்சரின் தலை கிட்டத்தட்ட ஆடிவிட்டது.

"இல்ல கண்ணு," என்றாள். "இது நிஜத் தப்பு."

சுண்டெலி சிரிக்கவில்லை. அம்மாவின் கழுத்தை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, ஆம்புலன்சில் ஏற்றுகிறவரை டீச்சரையே பார்த்துக்கொண்டிருந்தது.